இல்லத்திலே எழும் வாசிப்பொலி

ஆண்டு பிறந்ததும் எங்கள் தோட்டத்து லயங்களிலே ஒரு பரபரப்பு எழும். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டும்; கொப்பிகள் வாங்க வேண்டும்; அவற்றுக்கு உறை போட வேண்டும்; புத்தகப்பை கிழிந்திருந்தால் அதற்கும் ஒரு வழி காண வேண்டும். தாயின் தோடு அடைவுகடைக்குப் போவதும், வரவிருக்கும் சம்பளம் கைக்கு வருமுன்னரே கடைக்காரரின் கணக்கில் ஏறிவிடுவதும் இந்த நாள்களிலேதான். பொங்கலுக்குப் பட்ட கடனும் பள்ளிக்குப் பட்ட கடனும் ஒன்றாய்க் கலந்து பங்குனி வரையில் நீளும். இவையனைத்தும் தம் பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்னும் ஒரே ஆசையினால் நிகழ்வன. அந்த ஆசையை யான் தலைவணங்கிப் போற்றுகின்றேன்.

ஆயினும் ஒரு வினா என் உள்ளத்தை விட்டு அகலுவதில்லை. இத்தனையும் சுமந்துகொண்டு பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை, தன் வீட்டிலே ஒருவர் ஒரு நூலைக் கையில் எடுத்துக் குரலெடுத்து வாசிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்ட காட்சியை எப்போதாவது கண்டதுண்டா? பெரும்பாலான வீடுகளில் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய பள்ளியாண்டை வீட்டிலே தொடங்குவதற்கு உரிய முறை குடும்பத்தார் ஒருங்கிருந்து வாசிப்பதும் கேட்பதுமே என்பதும், அதற்குப் பெற்றோர் எழுத்தறிந்தவராய் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும் ஈண்டு யான் கூற விரும்பும் கருத்தாகும்.

மேலை நாடுகளிலே சில பெற்றோர் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கின்றனர். அவர்களுட் பலர் புதிய கல்வியாண்டைப் பாடப்புத்தகத்தோடு தொடங்காமல், குடும்பத்தார் அனைவரும் கூடி ஒரு கதைநூலை உரக்க வாசிப்பதோடு தொடங்குவதை வழக்கமாக்கியிருக்கின்றனர். நம் நாட்டில் நிலை வேறு. 1997ஆம் ஆண்டின் விதிகள் 5 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதைக் கட்டாயமாக்கின. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. அது நன்றே. தோட்டப் பிள்ளையைப் பள்ளியினின்று பிரிக்கும் எந்த யோசனையையும் யான் ஆதரியேன். ஆனால் வீட்டிலே கற்பிப்போரிடம் நாம் கற்றுக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. பள்ளியின் இடத்தை வீடு கொள்ள வேண்டுவதில்லை. எனினும் பிள்ளைக்கு முதலில் வாய்த்த கல்விக்கூடம் வீடே என்பதை அவர்கள் மறக்கவில்லை. நாம் மறந்துவிட்டோம்.

மறந்ததன் விளைவு 2020ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. ஒரே நாளில் ஒவ்வொரு வீடும் பள்ளியாக வேண்டியதாயிற்று. நகரத்துப் பிள்ளைகள் திரையிலே ஆசிரியரைக் கண்டனர். தோட்டத்திலோ, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு கைத்தொலைபேசி. அதுவும் தந்தை வேலை முடிந்து வந்த பின்னரே கிடைக்கும். அலை கிடைக்காமையால் பிள்ளைகள் மேட்டிலும் பாறையிலும் ஏறி நின்றனர். யாமும் வாட்ஸ்அப் மூலம் வினாத்தாள்களை அனுப்பிக்கொண்டே இருந்தோம். அனுப்பிய தாள்களைக் கணக்கிட்டோம். அவற்றை விளங்கிக்கொண்ட பிள்ளைகளைக் கணக்கிடவில்லை. ‘இன்று மாலை உம் வீட்டார் அனைவரும் அமர்ந்து தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடத்தை வாசித்துக் கேளுங்கள்’ என்ற எளிய வேலையை எங்களுள் எவரும் கொடுத்ததாக நினைவில்லை. அதற்கு அலை வேண்டுவதில்லை, பணமும் வேண்டுவதில்லை.

அந்த எண்ணம் எமக்கு ஏன் தோன்றவில்லை என்பதைப் பின்னர் ஆராய்ந்தபோது என் குற்றம் எனக்குத் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர், பெற்றோர் கூட்டத்திற்கு வந்த ஒரு தந்தை, ‘பிள்ளைக்கு வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் ஐயா? எங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாதே’ என்று கேட்டார். ‘நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்; நேரத்துக்குப் பள்ளிக்கு அனுப்பினாற் போதும்; மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று விடையிறுத்தேன். அன்பாகச் சொல்கிறோம் என்றே எண்ணினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பின் ஒரு கூட்டத்திற்கும் அவர் வரவில்லை. ‘உம்மால் ஆகாது’ என்ற செய்தியையே என் சொல் அவரிடம் சேர்த்துவிட்டது என்பதை உணர எனக்கு நெடுங்காலம் சென்றது.

இனி, சப்பிரகமுவத் தோட்டங்களின் தனித்தன்மையை இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். இம்மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. நுவரெலியாவைப் போல மலைக்கு மலை தொடர்ந்து செல்லும் தேயிலைப் பரப்பு இங்கே இல்லை. 1876ஆம் ஆண்டிலே ஹெனரத்கொடைப் பூங்காவிற்கு வந்து சேர்ந்த இறப்பர்க் கன்றுகளின் சந்ததி கேகாலைச் சரிவுகளையும் இரத்தினபுரிச் சரிவுகளையும் நிறைத்தது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய ஊர்களைச் சூழத் தேயிலையும் இறப்பரும் மாறி மாறி வரும். தோட்டங்கள் சிதறிக் கிடக்கும். அவற்றிடையே சிங்களக் கிராமங்கள் இருக்கும். கடையிலே சிங்களம், பேருந்திலே சிங்களம், விளையாட்டுத் திடலிலே சிங்களம். தமிழ்ப் பள்ளிகள் சில. அவற்றுள் உயர்தர வகுப்பு வரை செல்வன மிகச் சில. இதனால் பிள்ளையை அருகிலுள்ள சிங்களப் பள்ளியிற் சேர்த்துவிடும் பெற்றோர் பலர்.

அவர்களை யான் குறைகூறேன். சிங்களம் அறிதல் இங்கு வாழ்வோர்க்கு இன்றியமையாதது. அண்டை அயலாரோடு நல்லுறவு கொள்வதற்கும் அதுவே வழி. ஒரு மொழியைப் பெறுவது செல்வம். ஆனால் ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழப்பது செல்வமாகாது. பாட்டி சொல்வதைப் பேரன் பாதியே விளங்கிக்கொள்கிறான். பேரன் சொல்வதைப் பாட்டி விளங்கிக்கொள்வதேயில்லை. இத்தகைய வீடுகளை யான் நேரிற் கண்டிருக்கிறேன். ஒரே காம்பராவிலே, ஒரே அடுப்பின் அருகே, இரு தலைமுறைகள் பேச்சற்றுக் கிடக்கின்றன. வாசிப்பைப் பற்றி யான் இங்கு எழுதுவதற்கு, தேர்வுப் புள்ளியை விட இதுவே பெரிய காரணம்.

தமிழ்ப் பள்ளியிற் பயிலும் பிள்ளைக்கும் இடர் உண்டு. நாம் பேசும் தமிழ் ஒன்று. எழுதும் தமிழ் வேறொன்று. ‘போனாங்க’ என்று வீட்டிற் கேட்கும் பிள்ளை ‘சென்றனர்’ என்று நூலிற் காண்கிறது. ‘சென்றனர்’ என்பதை அது முன்னர்ச் செவியாற் கேட்டிருந்தால், கண்ணாற் கண்டவுடன் இனங்கண்டு கொள்ளும். கேளாத பிள்ளையோ, செ-ன்-ற-ன-ர் என ஒவ்வோரெழுத்தாய்க் கல்லுடைப்பது போல் உடைக்கிறது. உடைத்து முடித்த பின்னரும் உள்ளே பொருளைக் காண்பதில்லை. நகரத்திலே வானொலிச் செய்தியும், கோயிற் பிரசங்கமும், படித்த உறவினர் பேச்சும் இந்த இலக்கியத் தமிழைப் பிள்ளையின் செவிக்குக் கொண்டு சேர்க்கின்றன. இங்கோ அதைச் சேர்ப்பதற்கு வீட்டு வாசிப்பை விட்டால் வேறு வழி இல்லை.

இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது பயிற்சிக் கலாசாலையிற் படித்த நூலொன்றன்று. என் வகுப்பிலே இருந்த ஒரு சிறுமி. தந்தை பால் வெட்டுபவர். தாய் கொழும்பிலே ஒரு வீட்டில் வேலைக்கு நின்றார். பாட்டியே வளர்த்து வந்தார். கணக்கிலே அவள் சுமார்; கையெழுத்தும் கோணல். ஆனால் தமிழ்ப் பாடத்தை வாசிக்க அவள் எழுந்தால் வகுப்பு அடங்கிவிடும். நிறுத்த வேண்டிய இடத்திலே நிறுத்துவாள். வினாவை வினாவாகவும் வியப்பை வியப்பாகவும் ஒலிப்பாள். ‘வீட்டில் உனக்கு யார் வாசித்துக் காட்டுகிறார்?’ என்று கேட்டேன். ‘யாருமில்லை சேர். நான்தான் பாட்டிக்கு வாசிக்கிறேன்’ என்றாள்.

ஒரு மாலைப் பொழுதிலே அவ்வீட்டிற்குச் சென்றேன். கடும் மழை. தகரக் கூரையின் இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்திச் சிறுமி வாசித்துக்கொண்டிருந்தாள். பாட்டி அடுப்பண்டையிலே இருந்து விறகைத் தள்ளியவாறு கேட்டுக்கொண்டிருந்தார். அட்டை கிழிந்த பழைய அரிச்சந்திரன் கதைப் புத்தகம் அது. திடீரெனப் பாட்டி கையை உயர்த்தி, ‘இரு ஆத்தா, நடுவுல என்னமோ விட்டுட்ட. பிள்ளையைப் பாம்பு கடிக்கலையே, அதுக்குள்ள சுடுகாடு எங்க வந்துச்சு?’ என்றார். சிறுமி தாளைத் தடவிப் பார்த்தாள். ஈரத்தினால் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன! மெல்லப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினாள். பாட்டி என்னை நோக்கிச் சிரித்து, ‘எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா. கதை தப்பிப் போனா மட்டும் தெரியும்’ என்றார்.

அன்று அவ்விடத்திலே ஆசிரியராய் இருந்தவர் யார்? கூத்திலே அரிச்சந்திரனைக் கண்டு கண்டு அக்கதையை நெஞ்சிலே பதித்திருந்த அந்த முதியவரே. எழுத்தறிந்த சிறுமி கண்ணைத் தந்தாள். எழுத்தறியாத பாட்டி செவியையும் நினைவையும் தந்தார். இரண்டும் சேர்ந்தபோது படிப்பு நிகழ்ந்தது. ‘உம்மால் ஆகாது’ என்று ஒரு தந்தையைத் திருப்பி அனுப்பிய என் முகம் அந்த அடுப்பொளியிலே எப்படி இருந்ததோ, யான் அறியேன்.

இது புதிய கருத்தன்று. வள்ளுவப் பெருந்தகை கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை வைத்து, அவற்றை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை 42ஆவதாக வைத்தார். நூல் கல்லாதவனும் கற்றோரிடம் கேட்டறிதல் வேண்டும் என்றும், தளர்ந்த காலத்திலே அக்கேள்வி அவனுக்கு ஊன்றுகோல் போல் உதவும் என்றும் அவர் கூறுகின்றார். கல்லாமையாகிய பள்ளத்தின் அருகிலேயே கேள்வியாகிய படியைக் கட்டி வைத்த அவர் பேரருளை எண்ணி வியக்க வேண்டும்.

இந்துக் கல்லூரியிற் பயின்ற நமக்குப் புராண படனத்தை நினைவூட்ட வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறிந்தோரும் அறியாதோரும் ஒரே பாயிலிருந்து கேட்டனர். அவ்வாறு செவிவழி வளர்ந்த வாழ்வையே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் ‘கந்தபுராண கலாசாரம்’ எனப் பெயரிட்டுப் போற்றினார்கள். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டதும், பாலபாடங்களை இயற்றியதும், நூல்கள் வித்துவான்களின் வீட்டுப் பெட்டிக்குள் அடங்கிவிடாமல் எல்லார் வீட்டிலும் ஒலிக்க வேண்டும் என்னும் கருணையினால் அன்றோ?

தோட்டத்து மக்களும் இவ்வழக்கத்துக்குப் புறம்பானவர் அல்லர். பெரிய எழுத்திலே அச்சிடப்பட்டு இந்தியாவிலிருந்து வந்த விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் அல்லியரசாணி மாலையும், எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க ஒரு லயமே கூடிக் கேட்ட நூல்கள் என்று முதியோர் கூறக் கேட்டிருக்கிறேன். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் காமன் கூத்தும் மக்கள் நாவிலே வாழ்ந்தன. 1920களிலும் 1930களிலும் தோட்டத் தொழிலாளர் உரிமைக்குப் போராடிய கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தினார். பத்திரிகையைப் படிக்க இயலாத மக்களுக்கு அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுகளை இயற்றி, தாமே கூட்டங்களிற் பாடினார். உரிமை என்னும் சொல்லே இம்மக்களுட் பலருக்குச் செவிவழியாகத்தான் வந்து சேர்ந்தது.

பின்னர் அவ்வொலி ஏன் அடங்கிற்று? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமும் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தமும் பல குடும்பங்களைக் கடல் கடந்து அனுப்பின. கதை தெரிந்தவர் சென்றார், கேட்டவர் நின்றார், அல்லது கேட்டவர் சென்றார், கதை தெரிந்தவர் தனித்து நின்றார். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் இம்மாகாணத்துத் தோட்ட மக்கள் பெரிதும் துன்புற்றனர். இரவோடிரவாக ஓடுகிறவர் பிள்ளையைத் தூக்குவார், பானையைத் தூக்குவார், புத்தகத்தைத் தூக்குவாரா? திரும்பி வந்தபோது புத்தகம் இல்லை. சில வீடுகளிலே வாசித்தவரும் இல்லை. அதன்பின் தொலைக்காட்சி வந்தது. இப்போது கைத்தொலைபேசி வந்திருக்கிறது. அவற்றை மட்டும் குற்றஞ்சாட்டுதல் எளிது. ஆனால் அவை வந்து குடியேறியது முன்னமே வெறுமையாய்க் கிடந்த இடத்தில் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உழைக்கும் மக்களுக்கு வாசிப்பு எதற்கு என்பாரும் உளர். அவர்கள் கியூபா நாட்டின் கதையைக் கேட்கட்டும். 1865ஆம் ஆண்டிலே ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையிலே, தொழிலாளர் புகையிலையைச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் அமர்ந்து பத்திரிகையையும் நூலையும் உரக்க வாசிக்கும் வழக்கம் தோன்றிற்று. வாசிப்போருக்குரிய கூலியைத் தொழிலாளரே தம் கூலியினின்று கொடுத்தனர். அறிவு பெருகினால் அடக்குதல் அரிது என அஞ்சிய ஆட்சியாளர் அடுத்த ஆண்டிலேயே அதனைத் தடைசெய்தனர். தடை நிலைக்கவில்லை, வாசிப்பு நிலைத்தது. புதுக்கோட்டையிலும் திருச்சியிலுமிருந்து வந்த நம் முன்னோர் கைகளைப் போன்ற கைகளே அவையும். கை வேலை செய்யும்போதும் செவி கற்கலாம் என்பதை அவர்கள் உலகுக்குக் காட்டினர்.

கல்வி ஆராய்ச்சியாளரும் இதனையே வற்புறுத்துகின்றனர். 1985இல் அமெரிக்க நாட்டிலே வாசிப்பைப் பற்றி ஆராய்ந்த குழுவினர், பிள்ளை பின்னர் நன்கு வாசிப்பதற்கு வேண்டிய அறிவைக் கட்டுவனவற்றுள் தலையாயது பிள்ளைக்கு உரக்க வாசித்துக் காட்டுதலே என முடிவு கூறினர். அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல், குழந்தைப் பருவந்தொட்டே வாசித்துக் காட்டுமாறு பெற்றோருக்கு அறிவுறுத்த வேண்டும் என மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. அடுப்படியிலிருந்த அந்தப் பாட்டி இவ்வறிக்கைகளை அறியார். ஆயினும் அவற்றின் வழியிலேதான் நடந்தார்.

இனி, எழக்கூடிய தடைகளை நோக்குவோம். முதலாவது, இடமில்லை என்பர். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராவிலே ஒரு குடும்பம் வாழும்போது, தனித்திருந்து மௌனமாகப் படித்தல் அரிதே. ஆனால் கூடியிருந்து கேட்கும் வாசிப்புக்குத் தனியறை எதற்கு? நெருக்கமே அதற்குத் துணை. பல லயங்களிலே இடைச்சுவர் கூரை வரை எட்டுவதில்லை. இந்தக் காம்பராவின் சண்டை அடுத்த காம்பராவிற் கேட்கிறது. கதையும் அவ்வாறே கேட்கட்டுமே! இரண்டாவது, நேரமில்லை என்பர். கொழுந்து நிறுத்து வீடு வந்து, தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டும் தாயின் களைப்பை யான் அறிவேன். அத்தாயை வாசிக்கச் சொல்லவில்லை; சமைத்துக்கொண்டே கேட்கச் சொல்கிறேன். இருபது நிமிடம் போதும். இறப்பர் மலையிலே மழை பெய்தால் வேலை இல்லை. கூலி போன அந்த வெறும் நாளிலே ஒரு கதையாவது வீட்டில் மிஞ்சட்டும்.

மூன்றாவது, நூலில்லை என்பர். 1980 முதல் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகிறது. ஆண்டின் தொடக்கத்திலே கைக்கு வரும் தமிழ்ப் பாடநூலே முதற்கதைநூல். மூத்த பிள்ளையின் பழைய பாடநூல் இரண்டாவது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்கள், பாலபாடம், பஞ்சதந்திரக் கதைகள் ஆகியன சிறியோருக்கு ஏற்றன. வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டிலே தம் வாழ்வைத் தாமே நூலிற் காணும் பேறும் கிடைக்கட்டும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களையும், 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யையும், தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ கதைகளையும் பிள்ளை வாசிக்க, ‘இது நம்ம கதையாச்சே’ என்று தாத்தா இடைமறிப்பார். அந்த இடைமறிப்பு பாடத்தினும் பெரிய பாடம்.

செய்முறை மிக எளிது. விஜயதசமியன்று ஏடு தொடக்குகின்றோம். அரிசியிலே அகரம் எழுதுவிக்கின்றோம். ஏடு தொடக்கினோம், ஏட்டைத் தொடர்ந்தோமா? பள்ளி திறக்கும் நாளின் மாலையிலே, விளக்கேற்றித் தேவாரம் பாடிய பின், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தார் அனைவரும் அமர்க. வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்க. தெரியாதோர் கேட்க. ‘பிறகு என்ன நடந்தது?’ என்று தந்தை கேட்பாராயின் அவர் கடமை நிறைவேறிற்று. வாரத்திலே ஒரு நாள் நூலை மூடி வைத்துவிட்டுப் பாட்டியோ தாத்தாவோ கதை சொல்லட்டும். சிங்களப் பள்ளியிற் பயிலும் பிள்ளை உள்ள வீட்டிலே ஒரு நாள் சிங்களக் கதையையும் அப்பிள்ளை வாசித்துத் தமிழிலே பொருள் சொல்லட்டும். அப்போது அவன் கல்வி வீட்டுக்கு அந்நியமாய் நில்லாது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இவ்வாசிப்பைத் தேர்வாக்கிவிடலாகாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் என்னும் பெயரால் மூன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை வதைக்கின்றோம். மாலை முழுவதும் டியூசன், இரவு முழுவதும் மாதிரி வினாத்தாள். அந்தப் பட்டியலிலே இதையும் ஒன்றாகச் சேர்த்துப் பிழைக்குப் பிழை தலையிற் குட்டினால், பிள்ளை நூலைக் கண்டதும் தலையைத் தடவும். பிழை வந்தால் வரட்டும், கதை நகரட்டும். ஓரிரவு பிள்ளை உறங்கிவிட்டால் உறங்கட்டும். கதை கேட்டவாறே உறங்கிய பிள்ளைக்கு நூலின்மீது பகை உண்டாவதில்லை.

என் உடனாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுவேலைக் கொப்பியிலே பெற்றோர் கையொப்பம் கேட்கின்றோம். கையொப்பமிட இயலாத பெற்றோர் அதனால் நாணுகின்றனர். சில பிள்ளைகள் தாமே இட்டுக்கொண்டு பொய் பழகுகின்றனர். அதற்குப் பதிலாக, ‘நேற்று வாசித்த கதையைக் கேட்டு உன் அம்மா என்ன சொன்னார்?’ என்று மறுநாள் வகுப்பிலே கேளுங்கள். எழுத்தறியாத தாயின் சொல் அன்று வகுப்பறையிலே மதிப்புடன் ஒலிக்கும். கல்லூரி விடுதியிலே தங்கிப் பயிலும் மாணவர்களே, விடுமுறைக்கு ஊருக்குச் செல்லுங்கால் ஒரு நூலை எடுத்துச் செல்லுங்கள். வீட்டிலே நீங்கள் பெற்றதை வாசிப்பாகத் திருப்பிக் கொடுங்கள்.

பழைய மாணவர்களாகிய பெரியோர்களே, விழா ஆண்டென்றால் வளைவு எழுப்புவதும், கல்வெட்டுப் பதிப்பதும், பொன்னாடை போர்த்துவதும் நம் வழக்கம். அவற்றை வேண்டாம் என்று கூற யான் துணியேன். ஆனால் ஒரு கல்வெட்டின் செலவிலே எத்தனை மரப்பெட்டிகள் செய்யலாம் என்று ஒருமுறை கணக்கிடுங்கள். ஒரு பெட்டியிலே முப்பது நூல்கள். லயத்துக்கு ஒரு பெட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடுத்த லயத்துப் பெட்டியோடு மாற்றிக்கொள்க. பூட்டு வேண்டாம். கிழிந்தால் கிழியட்டும், கிழியாத நூல் வாசிக்கப்படாத நூல். அட்டையிலே கொடுத்தவர் பெயரை எழுதாமல், வாசித்த பிள்ளைகளின் பெயர்களை எழுதுவதற்குச் சில வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டுங்கள். அதுவே மெய்யான விழாமலர்.

உங்களுட் பலர் கொழும்பிலும் இலண்டனிலும் தொறொன்றோவிலும் வாழ்கின்றீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே தமிழைக் கேட்பதில்லை. எட்டியாந்தோட்டையிலே பால் வெட்டுபவரின் பிள்ளைகளும் பெரும்பாலும் கேட்பதில்லை. செல்வத்தால் எவ்வளவோ விலகியிருக்கும் அவ்விரு வீடுகளும் இவ்வொன்றிலே ஒரே நிலையில் நிற்கின்றன. இரண்டுக்கும் மருந்தும் ஒன்றே. ஆதலின் பெட்டியை அனுப்புவதோடு அமையாது, உங்கள் வீட்டிலும் ஒரு நூலைத் திறந்து வையுங்கள்.

அந்தப் பாட்டி இன்று இல்லை. சிறுமி வளர்ந்து, ஒரு முன்பள்ளியிலே சிறு பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகின்றாள் என்று கேள்விப்படுகிறேன். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்கும்போதெல்லாம் அவள் காதிலே பாட்டியின் குரல் கேட்கும் என்றே நம்புகிறேன். நமது வாழ்விலும் சில தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இடையிலே ஏதோ விட்டுப்போயிற்று என்பதைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அவர்கள் அருகிலே அமர்ந்து வாசிக்கத் தொடங்குவோமாக. பிறக்கின்ற பள்ளியாண்டு ஒவ்வொன்றும் ஒவ்வோர் இல்லத்திலும் வாசிப்பொலியோடு பிறப்பதாக!